பாறையைச் சுற்றி விழுந்த வட்டம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கும்போது கூட நடக்கும் நண்பர் சேகர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். இமயமலை ட்ரெக்கிங் போய்விட்டு நேற்றுதான் திரும்பியிருக்கிறார். போன வருடம் நான் பன்னிரண்டு பேரை அழைத்துப்போன அதே மலைப் புல்வெளி.

"சார், நீங்க ஆரம்பிச்சு வெச்சது. இப்ப வர்றவங்க எல்லாரும் சுத்துறாங்க. பாதையே விழுந்துடுச்சு பாருங்க!"

லிங்கம் மாதிரி இருக்கும் அந்தப் பாறை. அதைச் சுற்றி வட்டமாக வெறும் மண். புல் இல்லை, அன்று பார்த்த குட்டி நீலப் பூக்களும் இல்லை.

புல்லை மிதிக்காதீர்கள், இங்கே செடி வளர்வது பனியில்லாத சில மாதம்தான் என்று வழிகாட்டி அன்றே சொன்னார். "ஷூவைக் கழட்டிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, திருவண்ணாமலை கிரிவலம் போகிற பழக்கத்தில் எல்லோரையும் வெறுங்காலோடு மூன்று சுற்று சுற்றவைத்தவன் நான்.

வெறுங்கால்தானே? என்னோடு சேர்த்துப் பதிமூன்று பேர்தானே? பின்னால் வந்தவர்கள் செய்ததா? ஆனால் முதலில் சுற்றியது யார்? கும்பிட்டது எப்படித் தப்பாகும்?

படத்தைப் பார்த்து சேகர் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். எதற்கு என்றுதான் இதுவரை தெரியவில்லை.