ஒரு சாண் தள்ளி

மார்ச் 4

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் மகளும் பேரப்பிள்ளையும் நலமா? எழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, என் கைதான். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற மாலை வகுப்பு வாத்தியாரம்மாவிடம்கூடக் காட்டவில்லை. வரி கோணாமல் இருக்க, சுவருக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைத் தாளில் வைத்து எழுதுகிறேன். காலையில் தொடங்கியது, இப்போது விளக்கு போட்டாயிற்று. கால் போடுகிற எழுத்தில்தான் தடுமாற்றம். அவசரத்தில் காலை விட்டுவிடுகிறேன்.

நீ போகும்போது கொடுத்த சிக்கரி விதை நன்றாக முளைத்துச் செழித்தது. ஆனால் இப்போது இலையெல்லாம் வெள்ளை. என் சட்டையிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்போ என்று ஈரத்துணியால் துடைத்தேன். மறுபடியும் வெள்ளை. பக்கத்து வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்து, “என்ன மேஸ்திரி, செடிக்கும் வெள்ளையடிச்சிட்டீங்களா?” என்கிறாள். காப்பித்தூள் கடைக்காரர் வேறு, கிழங்கு எப்போது என்று கேட்டபடி இருக்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே எழுது.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை மகளிடம்கூடக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்குப் புரியவில்லை.

அது சாம்பல் நோய். செங்கல் அடுக்குகிற மாதிரி ஒட்ட ஒட்ட நட்டிருப்பீர்கள். காற்று புகாத இடத்தில் அந்தப் பூஞ்சை வரத்தான் செய்யும். நடுவில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு செடியும் ஒரு சாண் தள்ளி நிற்கும்படி செய்யுங்கள். வெளுத்த இலையைக் கிள்ளிப் புதையுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். தண்ணீரில் கரைக்கிற கந்தகத் தூள் வாங்கி, பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுக்குக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகிவிடும்.

இன்னொன்று. என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள் மகள். எனக்கென்று தனி அறை, பெரிய ஜன்னலோடு. நீங்களே கட்டிய வீட்டை விட்டு நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவளுக்கும் தெரியும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 18

என் வீட்டுக்காரிக்கு,

நீ சொன்னபடி பிடுங்கினேன். செங்கல் வைத்த கைக்கு இடைவெளி விட மனசே வரவில்லை. பொட்டலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்துவிட்டேன்! ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று இருந்தது. வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. இருந்தாலும் பரணில் வைத்தேன்.

வெயில் தாழும்வரை பொறுக்க முடியவில்லை. ஒரு வரிசைக்கு மத்தியானமே தெளித்துவிட்டேன், கருகிவிட்டது. மற்றதற்குச் சாயங்காலம் தெளித்தேன். தையல்காரி பேச்சைக் கேட்டுக் கடைசி வரிசைக்கு மட்டும் பல் கலந்த தண்ணீர் தெளித்தேன். புது இலை எப்படி வருகிறதென்று அடுத்ததில் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 25

அன்புள்ள உங்களுக்கு,

பல் கலந்த தண்ணீரா? யாருடைய பல்? உங்களுக்கு இருப்பதே நாலைந்து. பாலுக்குக் கால் உண்டு.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. இலையைப் பற்றி ஒரு பக்கம், என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த அறைக்குக் கட்டில் பார்த்து வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. நான் சரி என்றால் வாங்கிவிடுவார். எவ்வளவு நாள்தான் நானும் மழுப்புவது?

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 2

என் வீட்டுக்காரிக்கு,

வெள்ளை போய்விட்டது. புது இலை பளிச்சென்று பச்சையாக வருகிறது. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? உட்கார முடியவில்லை. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். “நோய் செடிக்கா, உங்களுக்கா மேஸ்திரி?” என்று கேட்கிறாள் தையல்காரி.

தள்ளி இருந்தால் நல்லது என்றாய். சரிதான், செடிகள் மூச்சு விடுகின்றன. ஆனால் நீ சொன்னது ஒரு சாண். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் போகிற தூரமா சொன்னாய்?

அங்கே ஜன்னல் இருக்கிறது என்று எழுதினாய். இங்கேயும் நான் வைத்த ஜன்னல் இருக்கிறது, சின்னதுதான். நீ சௌகரியமாக இருக்கும்போது எப்படிக் கூப்பிடுவது என்று இத்தனை நாள் தெரியவில்லை. இந்தத் தாளில் எத்தனை அடித்தல் பார். கடைசியில் ஒரே ஒரு எழுத்துதான் மிச்சம்.

வ.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

‘வ’ என்று எழுதியிருக்கிறீர்கள். கால் இல்லாமல் நான் எப்படி வருவது?

கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளுக்குக் கோபம்தான், ஆறிவிடும். ஆனால் ஒழுங்காக எழுதி அனுப்பினால்தான் ரயில் ஏறுவேன்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 14

வா.

காலைத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டேன். நேராக நிற்கிறது.