நடுவில் நின்றவளுக்கு

என் பழைய மடிக்கணினி பழுதானதால், இன்று காலை புதியதில் டெர்மினலைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான் தப்பாக எழுதிய சொல்லின் கீழ் ஒரு நேர்க்கோடு விழுந்தது. வெள்ளை எழுத்துக்கு வெள்ளைக் கோடு. பார்த்ததும் எரிச்சல் வந்தது. அங்கே வர வேண்டியது சிவப்பாக, புழுப்போல நெளிகிற கோடு. அதை வரவைக்க நீயும் நானும் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தையல் கடைக்கு மேலே இருந்த அறையில் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கோடு எப்படி வர வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் அந்த அமைப்பு வரிகள் உன் பழைய மடிக்கணினியில் இருக்கும் என்று தெரியும். நீ இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் அம்மா அதை என் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கம்மா, எங்களுக்கு இத வச்சி என்ன பண்ணத் தெரியும்?" என்றார். எட்டு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. அழுகை வரும் என்று பயம். இன்று திறந்தேன். திறந்தபோது அழுகை வரவில்லை.

டெர்மினல் என்றால் என்னவென்று என் அம்மாவுக்கு நீதான் ஒரு முறை விளக்கினாய். "கறுப்பா ஒரு ஜன்னல் ஆன்ட்டி. அதுல எழுத்து மட்டுந்தான் வரும். படம் கிடமெல்லாம் வராது." அம்மா யோசித்துவிட்டு, "படமே வராதா? அப்ப எதுக்கு கரண்ட வீணாக்குறீங்க?" என்று கேட்டார். நீ அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாய்.

அந்தக் கறுப்பு ஜன்னலுக்குள் எழுதுகிறவர்களுக்காக வெளிநாட்டில் ஒரு சின்ன நிறுவனம் மென்பொருள் செய்துகொண்டிருந்தது. பிழையான சொல்லுக்குக் கீழே சிவப்பில் நெளிகோடு வேண்டும், சந்தேகமான இடத்தில் மஞ்சளில் புள்ளிக்கோடு வேண்டும் என்றார்கள். அந்த வேலைதான் நமக்கு வந்தது. கேட்டால் ஒன்றுமில்லாத வேலை போலத்தான் இருக்கும். ஆனால் எழுத்துக்கு ஒரு நிறம், கோட்டுக்கு வேறு நிறம் என்பது பல டெர்மினல்களுக்குப் புரியவே இல்லை. நிறத்தை டெர்மினலுக்கு எண்களாகத்தான் சொல்ல வேண்டும்; நாம் அனுப்பிய எண்களை அரைப்புள்ளி போட்டுப் பிரித்திருந்தோம். பழைய டெர்மினல், கோட்டின் நிறத்தைக் குறிக்கும் ஐம்பத்தெட்டு தனக்குத் தெரியாது என்று அதைத் தள்ளிவிட்டு, அடுத்து வந்த ஐந்தைத் தனிக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. ஐந்து என்றால் கண் சிமிட்டு. திரையில் எழுத்தெல்லாம் சிமிட்டத் தொடங்கின. "தேர்த் திருவிழா லைட்டு மாதிரி இருக்குடி" என்றாய். மூன்று வாரம் ஒவ்வொரு டெர்மினலாக இறக்கிச் சோதித்து, முக்காற்புள்ளி போட்டால் அந்த எண்கள் ஒரே கட்டாக நிற்கும், புரிந்த டெர்மினல் கோடு போடும், புரியாதது கட்டோடு விட்டுவிடும் என்று கண்டுபிடித்தது நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. நிறுவனத்தோடு பேசியது எல்லாம் நீ. நீ டவுன் பிள்ளை, கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் உனக்கு. நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். எங்கள் தோட்டத்தில் மேனேஜர் துரையிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் தொழிற்சங்கத் தலைவர் மட்டும் ஆபீசுக்குள் போவார். அம்மாவும் மற்றவர்களும் படங்குத் துணியைப் போர்த்திக்கொண்டு மழையில் வெளியே நிற்பார்கள். தலைவர் திரும்பி வந்து, "பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு, வாங்க போவோம்" என்பார். எல்லோரும் போய்விடுவோம். உள்ளே துரை உண்மையில் என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதே பழக்கத்தில்தான் உன்னையும் உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே நின்றேன். நீ வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

சிமிட்டல் நின்ற பிறகும் உன் கணினியில் மட்டும் கோடு நேராகவே வந்தது. ஒரு ஜன்னலைப் பல அறைகளாகத் தடுத்துத் தரும் ஒரு மென்பொருளை நீ எப்போதும் திறந்து வைத்திருப்பாய். நாம் அனுப்பியது அதைத் தாண்டித்தான் டெர்மினலுக்குப் போக வேண்டும். வெளியே இருக்கும் டெர்மினலுக்கு நெளிகோடு தெரியும், நிறம் தெரியும் என்று அதனிடம் தனியாகச் சொல்லிவைக்காவிட்டால், அது எல்லாவற்றையும் சாதாரண அடிக்கோடாக்கிவிடும். அதைக் கண்டுபிடித்தது நீ. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "அந்தப் பக்கமும் சரிதான், இந்தப் பக்கமும் சரிதான்டி. நடுவுல இருக்குறதுதான் முழுங்குது."

எவ்வளவு அழகாகச் சொன்னாய்.

இன்று அமைப்பு வரிகளைத் தேடுவதற்காக, அடிக்கோடு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து உன் கணினி முழுவதையும் துழாவச் சொன்னேன். வரிகள் வந்தன. கூடவே நீ சேமித்து வைத்திருந்த அஞ்சல்களும் வந்தன. நிறுவனம் எழுதியிருந்தது: சிமிட்டல் பிரச்சினையைத் தீர்த்தவர் யார்? அவரோடு நேரடியாகப் பேச விரும்புகிறோம். அவருக்கு நிரந்தர வேலை தர யோசிக்கிறோம். நீ பதில் எழுதியிருந்தாய்: அதைத் தீர்த்தவள் நான்தான். என் தோழி உதவிக்கு இருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது, வெளியாட்களோடு பேச விரும்பமாட்டாள்.

தேதியைப் பார்த்தேன். கோப்பையோடு நின்று நீ அந்த வாக்கியத்தைச் சொன்னதற்கு முந்தின நாள்.

பிறகு என்னிடம், "ஒரு எடந்தான் இருக்காம்டி" என்றாய். நான் நம்பினேன். அந்த ஒரு இடம் உனக்குக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அந்த வேலைக்காக நீ கொழும்புக்குப் போன அன்று காலை ரயிலில் உன்னை ஏற்றிவிட வந்து, உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தேன். அப்புத்தளையில் இருந்து படம் அனுப்பினாய். "ஒரே மூட்டம், ஒன்னும் தெரியல" என்று கீழே எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

உனக்கும் தேவை இருந்தது, தெரியும். அப்பா படுக்கையில், தங்கைக்குப் படிப்பு. என்னிடம் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். சத்தியமாக விட்டுக்கொடுத்திருப்பேன். நீ கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது. கொழும்பிலிருந்து காய்ச்சலோடு ஊருக்கு வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் உன் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த நெளிகோடு ஒனக்கு இன்னும் வருதாடி?" என்று கேட்டாய். "வருது" என்றேன். "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டாய். உனக்கு அவ்வளவுதான் முடிந்ததா? ஒரு வாய் திறந்து சொல்லியிருந்தால் அங்கேயே உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, மிச்சக் கஞ்சியையும் ஊட்டியிருப்பேனே. இப்போது யாரைத் திட்டுவது?

இன்னொன்றும் கிடைத்தது. அமைப்புக் கோப்பில் அந்த முக்காற்புள்ளி வரிக்கு மேலே, கணினி கண்டுகொள்ளாத குறிப்பாக, என் பெயரைப் போட்டு எழுதியிருந்தாய்: "இது அவள் கண்டுபிடித்தது. மாற்றாதே." ஆக, உண்மையை எழுத உனக்குத் தெரியாமல் இல்லை. யாரும் படிக்காத இடமாகப் பார்த்து எழுதியிருக்கிறாய். இதைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது, அதுவும் ஆத்திரத்தில்.

உன் வரிகளைக் குறிப்போடு சேர்த்து என் கணினியில் போட்டுக்கொண்டேன். அதை அழிக்க மனம் வரவில்லை. பாதியில் விட்ட கடிதத்தை மூடிவிட்டு, அந்த நிறுவனத்துக்குப் புதிதாக ஒன்று எழுதினேன். சிமிட்டலை நிறுத்தியது நான் என்று எழுதினேன். நடுவில் விழுங்கியதைக் கண்டுபிடித்தது நீ என்றும் எழுதினேன். உன்னைப் போல மறைக்க எனக்கு வராது. என் ஆங்கிலத்துக்குக் கீழே வரிக்கு வரி சிவப்புக் கோடு நெளிந்தது. முன்பென்றால் உன்னைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லியிருப்பேன். இன்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தால், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நானே படித்துக்கொள்வேன்.