தோடம்பழ நிறக் கூறை

ஜெயரூபி அக்கா,

மல்லாவியில் சிவப்பு எது என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவன் நான் ஒருவனே. ஆனாலும் புதுக் கொம்பியூட்டரில் உங்கள் கலியாண அல்பத்தில் சிவப்புக் கூறைச் சீலை தோடம்பழச் செம்மஞ்சளாகத் தெரிந்ததற்கு உங்கள் கண் காரணமில்லை. பழைய திரையின் நிறத்தைச் சரிக்கட்டச் செய்த வர்ணப் புறொபைலை நான் இதிலும் ஏற்றிவிட்டேன். இப்போது மாற்றியாயிற்று. படங்களைப் பார்த்து ஓம் சொல்லுங்கோ, பின்னேரம் வவுனியாவுக்கு அச்சுக்கு அனுப்புவம்.

குசினியில் புட்டு மூடியிருக்கு. அத்தானுக்கும் மிச்சம் வையுங்கோ.

கூறையைத் திரையோடு பிடித்துப் பார்த்த உங்களை நேற்று "சீலைக்கடை முதலாளியம்மா" என்று நக்கலடித்தது பிழைதான்.

துவாரகன்

பி.கு.: அலுமாரியில் கூறையைக் காணவில்லை என்று பதறாதேங்கோ. விடியவே எடுத்துத் திரையோடு பிடித்துப் பார்த்தேன். கதிரையில் மடித்து வைத்திருக்கிறேன். ரெண்டும் ஒரே சிவப்பு.