ஆறாவது ராக்கை விட்டுவிடு

ஜூலை 1

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். போனில் எது சொன்னாலும் "ஆமா, ஆமா" என்கிறீர்கள். போன வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன், "ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கீழ்க்கடை லாண்டரிக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு என் கையெழுத்து ஆகாது.

எனக்குக் கடைசி வருஷ புராஜெக்ட் வந்துவிட்டது. நாங்கள் நாலு பேர், நாலு மாதம். ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் பயன்படும் தகவல் முறை ஒன்றைக் கணினியில் செய்துதர வேண்டும். எந்த அலுவலகம் கிடைத்தது தெரியுமா? நீங்கள் முப்பத்தெட்டு வருஷம் அட்டெண்டராக இருந்த அதே ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறை! நான் உங்கள் தம்பி மகள் என்றதும் அங்கே இருக்கும் அதிகாரி, "அவரு ரிடையர் ஆன அன்னிக்கே பாதி ஃபைலு காணாமப் போச்சும்மா. எல்லாம் அவர் தலைக்குள்ளதான் இருந்துச்சு" என்றார்.

வேலையைத் தொடங்கும் முன் எது உள்ளே, எது வெளியே என்று ஒரு பக்கத்தில் எல்லை வகுக்க வேண்டும். ஆகஸ்ட் 14-க்குள் அதிகாரியின் கையெழுத்து. எங்கள் சார் கண்டிப்பானவர். "நாலு பேரு சேர்ந்து ஆஸ்பத்திரியையே தூக்கிட்டு வரப்போறீங்களா? குறைங்க, குறைங்க" என்கிறார். அறையில் ஃபைல் அடுக்கியிருக்கும் ஏழு ராக்குகளில் எதை எடுப்பது, எதை விடுவது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்பு மகள்,
வாயாடி

ஜூலை 6

அன்பு மகளுக்கு,

பெரியப்பா ஆசீர்வாதம். உன் அப்பன் காய்ச்சல் இறங்கியதா? சந்தோஷப்பட்டதற்கு மன்னிக்கச் சொல்.

எழுதிக்கொள். முதல் ராக் பிரசவம், சிவப்பு நாடா. இரண்டாவது எலும்பு முறிவு. அதில் மூன்றாம் தட்டு ஆடும், கீழே செங்கல் வைத்திருக்கிறேன், எடுத்துவிடாதே. மூன்றும் நான்கும் காய்ச்சல், வயிறு, எல்லாம் மஞ்சள் நாடா. ஐந்தாவதில் ஆபரேஷன். அங்கே ஜன்னல் பக்கம் ஈரம் இறங்கும், அதனால் பழையதெல்லாம் உள்பக்கம் வைத்தேன். ஏழாவதில் போலீஸ் கேஸ். அதற்கு அதிகாரி சாவி தர மாட்டார், கெஞ்சாதே.

ஆறாவது ராக்கை விட்டுவிடு. அதில் ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் இருக்கிறது, உளுத்த பலகை, தொட்டால் தலையில் விழும். உங்கள் சார்தான் குறைக்கச் சொல்கிறாரே, குறை.

பெரியப்பா

(எழுதியது லாண்டரிக்காரர். வாய் மூடாமல் அரை மணி நேரம் சொன்னார். எந்தத் தட்டில் எத்தனை கட்டு என்பது வரை சொன்னார். ஆறாவதுக்கு மட்டும் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.)

ஜூலை 14, செவ்வாய்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

செங்கல் அங்கேயே இருக்கிறது! நீங்கள் சொன்ன கட்டுகளை எண்ணிப் பார்த்தோம், ஒன்றுகூடத் தப்பவில்லை. என் கூட்டாளிகள் உங்களைக் கும்பிடுகிறார்கள். முதல் ஐந்து ராக் உள்ளே, ஏழாவது வெளியே என்று எழுதிவிட்டோம். ஆறாவதுக்கு, "பயன்படும் கோப்புகள் இல்லை என்று கொள்ளப்படுகிறது" என்று ஒரு வரி. ஆதாரம்: முன்னாள் அட்டெண்டர் சொன்னது.

இந்த முறையைப் பயன்படுத்தப் போகிறவர்களைப் பேட்டி எடுத்து, தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். இன்று எடுத்தோம். அதிகாரி, இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு நர்ஸ். ஐந்தாவதாக, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் நான் மட்டும் பேசினேன். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பித்தளை டோக்கன்.

"என்ன வேணும்மா உங்களுக்கு?" என்றேன்.

"எம் புள்ள ஃபைலு கெடச்சுதாம்மா?"

"எப்ப கேட்டீங்க?"

"ஒவ்வொரு செவ்வாயும் கேக்குறேன். வார்டுலேர்ந்து கீழ வரலைங்கிறாங்க. நீலக் கதவுக்காரரு வரட்டும், அவருக்குத் தெரியும்."

இங்கே கதவு பச்சை பெரியப்பா. அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு வைத்தார். கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு, தாளிலும் அது விழுந்திருக்கிறது. அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லாத முறையைச் செய்து என்ன பயன்? பட்டியலில் பயனாளர் ஐந்து என்று சேர்த்துவிட்டேன்.

வாயாடி

ஜூலை 18

மகளுக்கு,

அந்தக் கதவு நீலமாக இருந்தது உன் அப்பன் பள்ளிக்கூடம் போன காலத்தில். பித்தளை டோக்கனைப் புதுக் கட்டடம் திறந்த வருஷமே மூட்டை கட்டி எடைக்குப் போட்டார்கள். மூட்டையைத் தூக்கியவன் நான். ஒன்று குறைந்தது. எந்த எண் என்றும் தெரியும்.

அவள் டோக்கனில் என்ன எண்? பார்த்திருந்தால் எழுது. பார்க்காவிட்டால் பார்க்கப் போகாதே. செவ்வாய்க்கிழமை அங்கே போகாதே. பட்டியலில் நாலு பேர் போதும். பெரியப்பா சொல்கிறேன், கேள்.

பெரியப்பா

ஜூலை 22

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கோபிக்காதீர்கள், நேற்றும் போனேன். எண்பத்தாறு.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு பேட்டிப் பதிவைப் போட்டுக் கேட்டேன். என் கேள்விகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. பதில் வர வேண்டிய இடங்களில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கூட்டாளிகளிடம் கேட்டால், "நீ பெஞ்சைப் பாத்துப் பேசிட்டு இருந்தே. பிரசன்டேஷனுக்குப் பழகுறேன்னு நெனச்சோம்" என்று சிரிக்கிறார்கள். ஆனால் கைநாட்டு தாளில் இருக்கிறது. சாரே பார்த்தார். "இவங்க யாரு, கோரிக்கை என்ன, ஆறாவது ராக்குல ஒண்ணுமில்லன்னு யார் பிரிச்சுப் பார்த்தா?" என்று வரிசையாகக் கேட்டார். அந்த வரி பொய்யானால் நாலு பேருக்கும் மதிப்பெண் போகும்.

எனக்குப் பயமாக இருக்கிறது பெரியப்பா. அந்த அம்மாவைப் பார்த்து இல்லை. நீங்கள் எதையோ மறைப்பதைப் பார்த்து. ஆறாவது ராக்கில் என்ன இருக்கிறது?

வாயாடி

ஜூலை 27

மகளுக்கு,

இதை லாண்டரிக்காரரிடம் சொல்லவே இரண்டு நாள் ஆனது. எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. இந்த விஷயம் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது, உன் அப்பனுக்கும் தெரியாது. இதைக் கேட்டு லாண்டரிக்காரர், "எனக்குத் தெரியும் பெரியவரே, போன வருஷம் என் ரசீதைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, சரியா இருக்குன்னு தலையாட்டினீங்க" என்கிறார். மனுஷன் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை பார்.

ஃபைல் வந்தால் குமாஸ்தாவிடம், "நீங்க வாசிங்க, நான் வைக்கிறேன், எனக்கு இருக்கறது ரெண்டு கைதானே" என்பேன். அவர் ஃபைலில் உள்ள பெயரை வாசிப்பார். ஒரு தரம் காதில் விழுந்தால் போதும், எந்த வருஷம் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். எண்களின் உருவம் மட்டும் பழக்கம்.

ஒரு சனிக்கிழமை குமாஸ்தா பல் பிடுங்கப் போனார். அன்று இரண்டு ஃபைல் கீழே வந்தன, இரண்டும் மஞ்சள் நாடா. வாசிக்க ஆளில்லை. ஆறாவது ராக் மேல்தட்டில் வைத்தேன். திங்கட்கிழமை குமாஸ்தா கன்னம் வீங்கி வந்தார், வாயைத் திறக்க முடியவில்லை, எல்லாம் சைகை. நாளை பார்க்கலாம் என்று விட்டேன்.

செவ்வாய் காலை வார்டு ஆள் ஓடி வந்தான். "அந்த எட்டு வயசுப் பையனைத் திரும்பத் தூக்கிட்டு வந்திருக்காங்க. ஃபைலைக் குடுங்க, டாக்டர் ஊசியோட நிக்கிறாரு" என்றான். பெயர் சொன்னான். பையனை எனக்குத் தெரியும். முந்தின வாரம் வார்டில் படுக்கையிலிருந்து, "மாமா, தலையில என்ன மூட்டை?" என்று கேட்டவன். "ஊர்ப்பட்ட காய்ச்சலும் இதுல இருக்குடா" என்றேன், சிரித்தான்.

இரண்டு ஃபைலும் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. இரண்டையும் தூக்கிக் கொடுத்திருக்கலாம். எது என்று கேட்பானே, எனக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடுமே. "கீழ வரலை" என்றேன்.

சாயங்காலம் அந்தத் தாய் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கையில் அந்த எண்பத்தாறாம் டோக்கன் இருந்தது, பிள்ளை இல்லை. "ஃபைலு கெடச்சுதா?" என்றாள். இல்லை என்றேன். இரண்டு வருஷம், ஒவ்வொரு செவ்வாயும் கேட்டாள், ஒவ்வொரு செவ்வாயும் இல்லை என்றேன். பிறகு வரவில்லை. ஆற்றோடு போனாள் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஃபைலில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரையும் வாசிக்கச் சொல்லத் துணியவில்லை. இரண்டையும் ஆறாவது ராக் அடித்தட்டுப் பலகைக்குக் கீழே தள்ளிவிட்டேன். நாற்பத்தேழு வருஷம்.

இனி உன் இஷ்டம்.

பெரியப்பா

ஆகஸ்ட் 4, செவ்வாய்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பலகையைக் காலையிலேயே பெயர்த்தோம். இரண்டும் இருந்தன. ஒன்று யாரோ ஒரு பெரியவருடைய வயிற்று வலி. இன்னொன்று அந்தப் பையன். மொத்தம் மூன்றே தாள்.

பதினொரு மணிக்கு அந்த அம்மா பெஞ்சில் இருந்தார். ஃபைலை நீட்டினேன், வாங்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீ படி" என்றார். அவர் இத்தனை வருஷம் கேட்டது அதற்குத்தானாம். மூன்று தாளையும் வாசித்தேன். கடைசித் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒன்று இருந்தது, அதையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதை யாரு வெச்சது?" என்றார். எனக்குப் பொய் வரவில்லை பெரியப்பா. சொல்லிவிட்டேன்.

"அவருக்கு இதுல இருக்கறது தெரியுமா?"

"தெரியாது. நான் எழுதுறேன்."

"நீ எழுதாத. நானே போய்ச் சொல்றேன்."

தலையைத் தூக்கினேன், பெஞ்சு காலியாக இருந்தது. அதனால் அதில் என்ன இருந்தது என்று நான் இங்கே எழுதவில்லை. ஃபைலை யாருக்கும் காட்டவுமில்லை. வீட்டில் தனியாக இருக்காதீர்கள். லாண்டரிக்காரரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவை அனுப்பட்டுமா? உடனே எழுதுங்கள்.

வாயாடி

ஆகஸ்ட் 11, செவ்வாய்

அன்பு மகளுக்கு,

அப்பனை அனுப்பாதே, வேலை இல்லை. இன்று பதினொரு மணிக்கு வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் இப்படிக் கிழவனாகிவிட்டேன், அவள் அப்படியே இருக்கிறாள். திட்டவில்லை, அழவில்லை. குமாஸ்தா வாசிப்பாரே, அதே மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். உனக்குத் தெரியும், எனக்கு ஒரு தரம் போதும். சரிபார்த்துக்கொள்.

படுக்கை பதினொன்று. வயது எட்டு. எடை பத்தொன்பது கிலோ. நாலு நாள் காய்ச்சல். முதல் தாளில், சிவப்பு மையில், கீழே இரண்டு கோடு போட்டு: "இந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு முட்டியது. இனி எப்போதும் போடக் கூடாது." மூன்றாம் தாளில், வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் கையெழுத்து. அதன் பின்பக்கம் பென்சிலில் ஒரு கதவு. கதவருகே ஓர் ஆள், தலையில் மூட்டை, மூட்டைக்குள் நிறையப் புள்ளி. புள்ளிகள்தான் காய்ச்சல் என்று பையன் அவளிடம் சொன்னானாம்.

இவ்வளவுதான். ஓர் எழுத்து தப்பியிருந்தால் எழுது.

வெள்ளிக்கிழமை கையெழுத்துக்குப் போகும் தாளில் ஆறாவது ராக்கை உள்ளே சேர். "ஒன்றுமில்லை என்று கொள்ளப்படுகிறது" என்ற வரியை அடித்துவிடு. அந்த ஃபைலைப் பதியும்போது, வைத்தவர் யார் என்ற இடத்தில் என் பெயர். ஏன் கொடுக்கவில்லை என்ற இடமும் ஒன்று போடு, அதில் உள்ளபடி எழுது. ஆஸ்பத்திரியில் கையெழுத்து என்று இத்தனை வருஷம் ஒரு படம் போட்டுக் கொடுத்தேன். இன்று போடவில்லை. கீழே கைநாட்டு.

உன் பெரியப்பா

(லாண்டரிக்காரர் எழுதுவது: காலையிலிருந்து நான் இங்கேயேதான் இருக்கிறேன். யாரும் வரவில்லை. எதிர் நாற்காலியில் நான் தேய்த்து வைத்த அவர் சட்டைதான் கிடந்தது. அதைப் பார்த்துப் பத்து நிமிடம் தலையாட்டினார், பிறகு மூச்சு விடாமல் மேலே உள்ளதைச் சொன்னார். இப்போது தூங்குகிறார், நன்றாகத்தான் மூச்சு விடுகிறார். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை அம்மா. நான் மை தடவியது அவருடைய ஒரு விரலில்தான். தாளில் இரண்டு இருக்கின்றன. அவருடையதற்குப் பக்கத்தில் இருப்பது சின்னது. குறுக்கே ஒரு வெட்டு.)