குறையில்லாத இயந்திரம்

என்னங்க,

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

நரம்பிழைகளைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் ரத்தத்தில் அதிகமானால், எங்கோ நரம்பு சிதைகிறது என்று பொருள். அதை அளப்பதுதான் என் வேலை. நோயாளிகளோடு ஒப்பிட, நலமாக இருப்பவரின் ரத்தமும் வேண்டும். "என்னோடத எடுத்துக்கோ, கல்லு மாதிரி இருக்கேன்" என்று மாதாமாதம் கையை நீட்டினீர்கள்.

மூன்று மாதமாக உங்கள் ரத்தத்தில் மட்டும் அந்தப் புரதத்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. அளக்கும் இயந்திரத்தைத்தான் திட்டித் தீர்த்தேன். பழுதுபார்க்க நேற்று வந்தவர், "மெஷின்ல ஒரு குறையும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

இன்று காலை, "பொத்தானே சரியில்ல" என்று சட்டையைக் கழற்றி வீசினீர்களே, நீங்கள் போனதும் அதை எடுத்துப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன்.

பொத்தான் சரியாகத்தான் இருக்கிறது.

இன்னமும் மெஷினையே குறை சொல்ல ஆசைப்படும்,
உங்கள் மனைவி