கூலன்ட் ஊற்றும் முன்

1981 டிசம்பர் 28

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை அம்மா திறக்கவே மாட்டாள்.

இன்றும் டிராக்டர் கிளம்பவில்லை. மைனஸ் முப்பத்தாறு என்று சஸ்காட்டூன் ரேடியோ சொன்னது. இஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரை அப்பா பொருத்தி இது நாலாவது நாள். ராத்திரி முழுக்க பிளக்கில் இருந்தும் இஞ்சின் ஐஸ்கட்டி. அப்பா ஒயரை மாற்றினார், பியூஸைப் பார்த்தார், பிறகு ஸ்பானரைச் சுவரில் எறிந்தார்.

"உன் தம்பி குப்பையை என் தலையில கட்டியிருக்கான்," என்று அம்மாவிடம் கத்தினார். அந்த ஹீட்டர் தானிலோ மாமா தன் பழைய லாரியிலிருந்து கழற்றிக் கொடுத்தது.

குப்பை இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டிசம்பர் 29

எழுதிவிடுகிறேன். ஹீட்டர் பொருத்திய அன்று, அப்பா ரேடியேட்டரின் கீழ்க் குழாயை வெட்டி, நடுவில் அதை வைத்து இறுக்கினார். ரேடியேட்டரிலிருந்து வடித்த கூலன்ட் திரவம் வாளியில் இருந்தது. அதைத் திரும்ப ஊற்றுவதற்குள் போன் அடித்தது.

"எதையும் தொடாதே, லெசியா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிளக்கைச் சொருகினேன். சூடாகிறதா என்று பார்க்கத்தான். சூடானது. கெட்டில் மாதிரி ஒரு சத்தம், கருகிய வாடை, பிறகு ஒன்றுமில்லை. பிடுங்கிவிட்டேன். அப்பா வந்து மோந்து பார்த்து, "ரப்பர் வாடை" என்று வாளியைத் தூக்கினார்.

கூலன்ட் நிரப்பாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று ஹீட்டரின் மேலேயே எழுதியிருக்கிறது. அப்புறம்தான் படித்தேன்.

டிசம்பர் 31

டிராக்டர் இல்லாமல் மாடுகளுக்கான பெரிய புல் உருளைகளை நகர்த்த முடியாது. அம்மாவும் நானும் புல்லைப் பிய்த்து, சறுக்குப் பலகையில் ஏற்றி இழுக்கிறோம். அறுபத்திரண்டு மாடுகள். அப்பா இஞ்சினுக்கு அடியில் கரி அடுப்பு வைத்தார். மத்தியானம் ஒரு தரம் இருமியது. அவ்வளவுதான்.

விரல் மடங்கவில்லை.

ஜனவரி 2

மாமா வந்தார்.

"மச்சான், கழட்டின அன்னைக்குக் காலையில கூட அது வேலை செஞ்சுது."

"அப்போ என் டிராக்டரைப் பாத்ததும் வெட்கம் வந்து நின்னுடுச்சா?"

"உன் டிராக்டரைப் பாத்தா யாருக்கும் வரும்."

எப்போதும் இப்படித்தான் பேசுவார்கள், சிரிப்பார்கள். இன்று அப்பா சிரிக்கவில்லை. "என் மேசையில பொய்க்காரனுக்கு இடமில்லை" என்றார். மாமா கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேதான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வாய் ஏன் தொறக்கல? அடிப்பாரா? அடிச்சதே இல்லையே. அப்போ எதுக்குப் பயப்படறேன் — மாமாவைப் பாத்த மாதிரி என்னையும் பாத்துட்டா?

ஜனவரி 5

நாளை ராத்திரி, உக்ரேனியப் பழைய காலண்டர்படி, நம் கிறிஸ்துமஸ் விருந்து. சண்டையோடு அந்த மேசையில் உட்காரக் கூடாது என்று வருஷா வருஷம் சொல்வது அப்பாதான். அம்மா அதை ஞாபகப்படுத்தினாள்.

"அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்."

மாமா எதுக்குக் கேக்கணும்?

ஜனவரி 6

வானத்தில் தெரிந்தால்தான் விருந்து தொடங்கும் அந்த முதல் நட்சத்திரத்தைத் தங்கை நாத்யாதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு ஐந்து வயது. பன்னிரண்டு பதார்த்தம். இறந்தவர்களுக்காக எப்போதும்போல ஒரு காலித் தட்டு. அதற்குப் பக்கத்து நாற்காலி மாமாவுடையது, அதுவும் காலி. நாத்யா தட்டைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"தானிலோ மாமா செத்துட்டாரா?"

யாரும் கரண்டியை எடுக்கவில்லை. அம்மா எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான்தான்," என்றேன். "கூலன்ட் ஊத்துறதுக்கு முன்னாடி பிளக்கைச் சொருகிட்டேன். மாமா பொய் சொல்லல."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு காரில் போனார். மாமாவோடு திரும்பி வந்தபோது பீட்ரூட் சூப் ஆறிப்போயிருந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜனவரி 9

மாமா டவுனிலிருந்து புது ஹீட்டர் கொண்டுவந்தார். ஷெட்டுக்குள் போக எனக்குத் தடை. வாசல்வரை குரல் கேட்டது.

"கிளாம்ப் இறுக்கத் தெரியாதவனுக்குப் போய் எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்தோம் பாரு."

"வாயை மூடிக்கிட்டு ஊத்துடா. நல்லா நிரம்பட்டும்."

அப்பா என்னிடம் பேசி மூன்று நாளாகிறது.

ஜனவரி 10

மைனஸ் முப்பத்தெட்டு. சாவியைத் திருப்பியதும் டிராக்டர் கிளம்பியது.

மாடுகளுக்குப் போட்டுவிட்டு வந்து அப்பா சாப்பிட உட்கார்ந்தார். உப்பு நாத்யாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா அதை என்னிடம்தான் கேட்டார்.