இருபத்திரண்டு வீட்டு அரிசி

மூங்கில் தோட்டம், சுங்காய்
14 நவம்பர் 1926

என் அருமைத் தம்பி சீனிக்கு,

அக்காள் இருளாயி ஆசையோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது. தீபாவளிக்கு நீ வருவாய் என்று உன் மகள் மூன்று நாளாக வாசலிலேயே நின்றாள். ஈப்போவிலிருந்து சுங்காய்க்கு ரயில் ஓடுகிறதா இல்லையா என்று உன் மச்சான் கேட்கிறார். லீவு கிடைக்கவில்லை என்பாய். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆயாக் கொட்டகையில் எனக்கு ஒத்தாசையாகக் கைக்குழந்தைகளின் தொட்டிலை ஆட்டுகிறாள். "எங்கப்பா ரயிலு மேல மூட்டையெல்லாம் ஒத்தக் கையால ஏத்துவாரு" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள்.

இங்கே மறுபடியும் ரப்பர்ப் பால் குறைப்பு வந்துவிட்டது. சட்டம் என்கிறார் கணக்கெழுதும் கிராணி. வாரத்தில் நாலு நாள்தான் பாலுக்கு மரம் வெட்டு. மழை பிடித்துக்கொண்டால் அந்த நாலும் இல்லை. நீ இங்கிருந்து போகுமுன் வாங்கி வைத்த இரண்டு சீன ஜாடிகளும் கழுத்து வரை அரிசியோடு நிற்கின்றன. ஐந்து வருஷமாக இந்த லயத்து வரிசையில் இருபத்திரண்டு வீட்டாரும் உலை வைக்குமுன் ஒரு பிடி கொண்டுவந்து போடுவதை நிறுத்தவில்லை. வண்டு விழாமல் பழையதை எடுத்துப் புதியதை நிரப்பி வருகிறேன்.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் நேற்று வந்து, "அக்கா, ஆளுக்கு ஒரு படி எடுத்துக் குடுங்களேன். செத்தாத்தான் தொறக்கணும்னு இருக்கா?" என்றாள். கஷ்டம் வந்தால்தான் திறக்கவேண்டும் என்று சொல்லிப் போனாய். எவ்வளவு கஷ்டம் வந்தால் கஷ்டம் என்று சொல்வது? நீ ஏற்படுத்தியது. நீயே எழுது.

உன் அக்காள்,
இருளாயி


புந்தோங், ஈப்போ
25 நவம்பர் 1926

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபத்தைத் தலைமேல் வைத்துக்கொள்கிறேன். கூட்ஸ் ஷெட்டில் தீபாவளி என்றால்தான் வேலை இரட்டிப்பு. தமிழாட்கள் எல்லோரும் லீவு கேட்க, கேட்கத் தெரியாத நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஷெட்டின் கார்த்திகேசு கிராணி ஊருக்குள் கடைக்குப் போனபோது பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கி வரச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், துணி பார்க்கத் தெரிந்தவர். இத்துடன் அனுப்புகிறேன். பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துவிடு.

ஜாடியைத் திறக்காதே. சம்பளம் குறைந்தது கஷ்டம்தான், ஆனால் கடையில் அரிசி இருக்கிறதே. அரிசியே வராத நாள் ஒன்று வரும். அன்றைக்குத்தான் அது. மழைக்காலம் முழுசாக முன்னால் கிடக்கிறது.

இன்னொன்று. அந்த அரிசி இருபத்திரண்டு வீட்டுக்கு மட்டும். கீழ் லயத்தார் கேட்டாலும் இல்லை, ஆற்றோரக் கம்பத்துக் குடிசைகளில் இருக்கும் மலாய்க்காரர் கேட்டாலும் இல்லை. சொந்தக்காரரே வந்து நின்றாலும் இல்லை. நான் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

மச்சானுக்கு என் வணக்கம். பாப்பாவின் விழுந்த பல்லை என்ன செய்தாள் என்று கேட்டு எழுது.

உன் தம்பி,
சீனி


மூங்கில் தோட்டம், சுங்காய்
9 ஜனவரி 1927

தம்பி சீனி,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன். பாலம் போய்விட்டதால் தபால் இப்போதுதான் போகிறது. புந்தோங்கிலும் ஆறு ஏறியதாகத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சொன்னார். உன் நிலைமையை உடனே எழுது.

எதிலிருந்து சொல்வது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தண்ணீர் வந்தது. கீழ் லயத்தில் கூரை மட்டும்தான் தெரிந்தது. அங்கிருந்தவர்களை, தூக்க முடிந்த அரிசியோடு, ரப்பர் காயும் புகைக்கொட்டகை மாடியில் ஏற்றினார்கள். கிராணியின் அரிசி ஸ்டோர் முழுகியது. நம் லயம் மேட்டில் இருந்ததால் தப்பியது. ஒன்பது நாள் டவுனிலிருந்து யாரும் வரவில்லை, இங்கிருந்து யாரும் போகவில்லை. முதல் நாளே ஜாடியைத் திறந்தேன். நீ சொன்ன நாள் அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆளுக்கு அரைச் சிரட்டை என்று போட்டால் பத்து நாள் தாங்கும் என்று உன் மச்சான் சொன்னார்.

மூன்றாம் நாள் கம்பத்து ஆட்கள் சம்பான் படகிலும் வாழைமரத் தெப்பத்திலும் வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். நனைந்த பாயைத் தவிர கையில் ஒன்றும் இல்லை. அதில் தீமா என்று ஒரு பெண். பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகவில்லை. ஆயாக் கொட்டகைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை மார்பில் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுதது. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

நான் உலையில் அரிசியைக் கூடப் போட்டேன். நல்லம்மாள் வந்து கையைப் பிடித்தாள்.

"என்னக்கா பண்ணுறீங்க? சீனி என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"பச்சைப் புள்ளக்காரிடி."

"எங்க வீட்லயும் புள்ளைங்க இருக்கு. இது உங்க அப்பன் வீட்டு அரிசியா? நானும் அஞ்சு வருஷம் போட்டது."

அவள் சொன்னதில் தப்பு ஏதும் இல்லை. ஆனாலும் நான் நாற்பது பேருக்கும் கஞ்சி ஊற்றினேன். நாலு நாள் ஊற்றினேன். ஏழாம் நாள் ஜாடியின் அடி தெரிந்தது.

அப்புறம் மூன்று நாள் கம்பத்து ஆண்கள் நீந்திப் போய் மரவள்ளி பிடுங்கி வந்தார்கள். பெண்கள் ஓடையோரத்தில் சுருட்டைக் கீரை பறித்துக் கொடுத்தார்கள். அதைத்தான் எல்லோரும் அவித்துத் தின்றோம். எட்டாம் நாள் நல்லம்மாளின் மாமியார் கருப்பம்மாள் போய்விட்டாள். அவளுக்கு முன்னமே காய்ச்சல் இருந்தது. காய்ச்சலால் செத்தாள் என்கிறார் டிரசர். கஞ்சி இல்லாமல் செத்தாள் என்கிறாள் நல்லம்மாள். இரண்டில் எது என்று நான் யாரைக் கேட்பேன்? அந்தக் கிழவியின் வாயில் கடைசி இரண்டு நாளும் மரவள்ளி இறங்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

லயத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பாப்பாவுக்குக் கொஞ்சம் வயிற்றுப்போக்கு, இப்போது தேவலை.

உன் அக்காள்,
இருளாயி


புந்தோங், ஈப்போ
18 ஜனவரி 1927

அக்கா,

இங்கே வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எனக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். தீமாவின் குழந்தைக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். என் குழந்தைக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. சுங்காயிலிருந்து வந்த ரயில் கார்டு ஒருவனைப் பிடித்து விசாரித்தேன். மூங்கில் தோட்டத்து ஆயா வீட்டுப் பிள்ளையை டிரசர் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்திருந்தார் என்றான். அதற்குப் பெயர் கொஞ்சமா?

அந்த விதியை ஏன் வைத்தேன் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ரங்கூன் அரிசி நின்றுபோன வருஷம், பாப்பாவைப் பெற்ற நாற்பதாம் நாள், என் செல்லாயி செத்தாளே, அவள் காய்ச்சலில் சாகவில்லை. சீட்டுக்கு அளந்து கொடுத்த அரிசியைக் கஞ்சியாக்கி அவளுக்கு வைத்துவிட்டு நான் மரம் வெட்டப் போவேன். திரும்பி வந்து கேட்டால் "குடிச்சிட்டேன்" என்பாள். கடைசி நாளில்தான், "நான் குடிக்கல, குடுத்துட்டேன்" என்றாள். யாருக்கு என்று எவ்வளவோ கேட்டேன். சொல்லாமலே போய்விட்டாள். பால் கொடுக்கிறவள், அக்கா. தன் வாயில் போட வேண்டியதை எவருக்கோ ஊற்றிவிட்டுச் செத்தாள். அதனால்தான் மூடி போட்டு, இன்னாருக்கு மட்டும் என்று சொல்லி வைத்தேன். அதே வேலையை நீ செய்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாப்பாவை அழைத்துப் போகிறேன். அவள் துணிகளை எடுத்து வை.

சீனி


மூங்கில் தோட்டம், சுங்காய்
6 பிப்ரவரி 1927

தம்பிக்கு,

அன்று நீ ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு வாய் இல்லை. அது ஏன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் துணிந்திருந்தேன். பாப்பா உன் தோளில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டு இருந்ததால் முடியவில்லை. இதை எழுதிய பிறகு நீ என்னை அக்காள் என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ.

செல்லாயி அந்தக் கஞ்சியை எனக்குத்தான் ஊற்றினாள்.

அந்த வருஷம் உன் மச்சான் வேலை தேடி ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் போயிருந்தது உனக்கு நினைவிருக்கும். நான் குளிர்காய்ச்சலில் பாயை விட்டு எழவில்லை. வேலைக்கு வராதவருக்குப் பாதி அரிசிதான் கொடுத்தார்கள். அதையும் போய் வாங்கி வர ஆள் இல்லை, உனக்கு உன் வீடே பெரும்பாடாக இருந்ததால் உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ ரப்பர்க் காட்டுக்குப் போனதும் அவள் முந்தானையில் செம்பை மறைத்துக்கொண்டு வருவாள். "நான் குடிச்சாச்சு அண்ணி, இது மிச்சம்" என்பாள். ஒரு செம்பு நிறைய மிச்சம் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. பசியில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். தோன்றியது. கேட்டால் நின்றுவிடும் என்று பயந்து கேட்கவில்லை. பதினோரு நாள் குடித்தேன், சீனி. நான் எழுந்து உட்கார்ந்தேன், அவள் படுத்தாள்.

பாப்பாவை நான் வளர்த்தது அதனால் என்று நினைப்பாய். முதலில் அதனால்தான். அப்புறம் அப்படி இல்லை. எந்த நாளில் மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தீமா தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் செல்லாயி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கஞ்சியை அவள் குடிக்கக் குடிக்க என் நெஞ்சில் இருந்த ஏதோ இறங்கியது. அப்படியென்றால் நான் இரக்கப்பட்டுக் கொடுத்தேனா, என் பாரத்தை இறக்கிவைக்க ஊரார் அரிசியை எடுத்தேனா? கருப்பம்மாள் அதற்கா செத்தாள்? நம் பிள்ளை அதற்கா படுத்தாள்? கொட்டகையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே யோசிக்கிறேன். ஒரு நாள் சரி என்று தோன்றுகிறது. மறுநாள் கொலைகாரி என்று தோன்றுகிறது. கம்பத்தில் அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறதாம்.

திட்டியாவது எழுது.

இருளாயி


மூங்கில் தோட்டம், சுங்காய்
22 ஏப்ரல் 1927

தம்பி சீனிக்கு,

இரண்டு மாதமாக உன் கடிதத்துக்குத் தபால்காரனைப் பார்த்தே கண் பூத்துவிட்டது. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கார்த்திகேசு கிராணியைக் கொண்டாவது எழுதச் சொல்.

லயத்தார் கூடிப் பேசினார்கள். ஜாடி இனி என் வீட்டில் வேண்டாம், நல்லம்மாள் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. நான் சரி என்றேன். ஒரு ஜாடி நம் வீடுகளுக்கு, இன்னொன்று யார் வந்து நின்றாலும் கொடுக்க என்று ஒரு பேச்சு எழுந்தது. எழுப்பியது நல்லம்மாள்தான்! மாமியாரைப் பறிகொடுத்தவள் அப்படிச் சொன்னது எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, "மூணு நாளு அவுங்க புடுங்கியாந்த கெழங்கைத்தானே தின்னோம். ஒங்களை மன்னிச்சிட்டேன்னு நெனக்காதீங்க" என்றாள். பாதிப் பேர் ஒப்பவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மேட்டுச் சரிவில் ஒரு துண்டு நிலம் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். தீமாவின் புருஷன் மரவள்ளிக் குச்சி கொண்டுவந்து நட்டுக் காட்டினான். ஆற்றுக்கு எட்டாத இடம். ஜாடி காலியானாலும் மண்ணுக்குள் ஏதாவது கிடக்கும் என்றான்.

தினமும் நானும் நல்லம்மாள் வீட்டுக்குப் போய் ஒரு பிடி போட்டுவிட்டு வருகிறேன்.

இருளாயி


புந்தோங், ஈப்போ
16 மே 1927

அக்காவுக்கு,

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பதில் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். உன்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். நீ செத்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அப்புறம் அப்படி நினைத்தவனால் சோறு தின்ன முடியவில்லை. செல்லாயிமேல் கோபப்பட்டேன். யாருக்குக் கொடுத்தேன் என்று அவள் சொல்லாதது என்னிடமிருந்து உன்னைக் காப்பாற்றத்தான் என்று இப்போது விளங்குகிறது. விளங்கியதால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஏழு வருஷம் யாரோ ஒருவரை வெறுத்துக்கொண்டு இருந்தேன். அந்த யாரோ என் பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பாப்பா இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். கார்த்திகேசு கிராணியின் மனைவி அம்பிகை அம்மாள் பகலில் பார்த்துக்கொள்கிறார். அத்தை ஏன் வரவில்லை என்று தினமும் கேட்கிறாள். நான் ஏதோ சொல்லி மழுப்புகிறேன். அவளுக்கு என்றைக்காவது இதைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? உனக்குத் தெரிந்தால் சொல். எனக்குத் தெரியவில்லை.

வருகிற 28ஆம் தேதி சனிக்கிழமை அம்பிகை அம்மாள் கோலாலம்பூருக்குப் போகிறார். காலை ரயிலில் பாப்பாவை அவரோடு அனுப்புகிறேன். நீ சுங்காய் ஸ்டேஷனுக்கு வந்து இறக்கிக்கொள். லீவு முடிந்து பள்ளி திறக்கும் வரை உன்னிடம் இருக்கட்டும். நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் ஆகவில்லை, அக்கா. கோபம் என்று சொன்னால் பொய்.

பிள்ளை இளைத்துவிட்டாள். என் சமையல் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பாதியில் எழுந்துவிடுகிறாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து உருட்டிக் கொடு. சாப்பிட்டாளா என்று எழுது.

சீனி